நிறுத்த இடம் தரும் கருவி

நாய்க்கு நகவெட்டி வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் வழக்கமாகக் கேட்பது ஒரே கேள்விதான்: நாய் பெரிசா, சின்னதா? பதிலைக் கேட்டுக்கொண்டு, குறடு வடிவில் ஒன்றையோ, வளையத்துக்குள் கத்தி ஏறி இறங்கும் ஒன்றையோ, பேட்டரியில் சுழன்று நகத்தை ராவும் ஒன்றையோ எடுத்துக் காட்டுவார். விலை, எஃகின் தரம், கைப்பிடியின் ரப்பர் என்று பேச்சு நகரும். அந்தப் பேச்சு முழுக்க நகத்தைப் பற்றியது. நகத்துக்குச் சொந்தமான பிராணி அதில் எங்கும் வருவதில்லை. ஒரு கருவி எவ்வளவு சுத்தமாக வெட்டுகிறது என்பது இரண்டாம்பட்சம், வேலையை நடுவில் நிறுத்திக்கொள்ள அது எவ்வளவு இடம் தருகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நிறுத்துவதிலும் இரண்டு விதம் உண்டு. தவறு நேரப்போகிறது என்று தெரிந்ததும் மனிதன் கையை எடுத்துவிட முடிகிறதா என்பது ஒன்று. போதும் என்று நாய்க்குத் தோன்றும்போது அதனால் காலை இழுத்துக்கொள்ள முடிகிறதா, அப்படி இழுப்பதாலேயே காயம் படாமல் இருக்கிறதா என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் வைத்து எடைபோட்டால் கடையில் அடுக்கியிருக்கும் வரிசை மாறிப்போகிறது. கடையில் அதிகம் விற்காத ஒரு பொருள் முன்னுக்கு வந்து நிற்கிறது.

நாயின் நகம் நம்முடையதைப்போலத் தட்டைத் தகடு கிடையாது. விரலின் கடைசி எலும்பு கூர்ந்து முன்னே நீண்டிருக்கிறது. அதைப் போர்த்தி ரத்தக்குழாயும் நரம்பும் நிறைந்த உயிருள்ள சதை. அதற்கும் மேலேதான் நாம் நகம் என்று காணும் கெரட்டின் உறை. பென்சில் மரத்துக்குள் கரிக்குச்சி ஓடுவதைப்போல நகத்துக்குள் இந்த உள்சதை ஓடுகிறது; ஆனால் நுனிவரை ஓடாமல் வழியில் எங்கோ நின்றுவிடுகிறது. எங்கே நிற்கிறது என்பதுதான் நகம் வெட்டுவதன் முழுச் சிக்கலும். வெளிர் நகமாக இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது இளஞ்சிவப்பாகத் தெரிந்துவிடும். கறுப்பு நகத்தில் எதுவும் தெரியாது. ஒரே பாதத்தில் இரண்டு நகம் வெளிர், மற்றவை கறுப்பு என்றிருக்கும் நாய்களும் உண்டு. அவற்றில் வெளிர் நகத்தைப் பார்த்துக் கறுப்பு நகத்தின் அளவை ஓரளவு ஊகிக்கலாம். முழுக்கக் கறுப்பாக இருந்தால் மெல்லிய சீவலாக எடுத்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும். உள்சதை நெருங்கும்போது அதன் நடுவில் சுற்றியுள்ளதிலிருந்து மாறுபட்ட நிறத்தில் ஒரு சிறு வட்டம் தென்படும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டிப் போனால் ரத்தம் வரும். ரத்தத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. உடல்நலமுள்ள நாய்க்கு அது சில நிமிடத்தில் நின்றுவிடும். சலூனில் சவரக் காயத்துக்குத் தடவும் படிகாரம் செய்கிற அதே வேலையைச் செய்யும் பொடிகள் நாய்களுக்கென்றே கிடைக்கின்றன. நிற்காமல் தங்கிவிடுவது வலியின் நினைவு. நரம்பு நேரடியாக வெட்டுப்பட்ட அந்த நொடியை நாய் அந்தக் கருவியோடும், அந்தக் கையோடும், அந்த அறையோடும் சேர்த்து முடிந்துவைத்துக்கொள்கிறது. அடுத்த முறை கருவி இருக்கும் இழுப்பறையைத் திறக்கும் சத்தத்துக்கே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

ஊரில் வளர்ந்த நாய்களுக்கு யார் நகம் வெட்டினார்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. கரிசல் காட்டிலும் சரளை ரோட்டிலும் நாளெல்லாம் அலைந்து, மண்ணைத் தோண்டி, முயலைத் துரத்தித் திரியும் நாயின் நகம் தானே தேய்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் அப்படிப்பட்ட நிலத்தில் ஓடி வேட்டையாடுவதற்காகவே வளர்க்கப்பட்டவை. அதே சிப்பிப்பாறையைச் சென்னையில் மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்து, வழவழப்பான விட்ரிஃபைட் டைல்ஸ் தரையில் விட்டு, காலையில் கால்மணி நேரமும் மாலையில் கால்மணி நேரமும் வெளியே நடத்திச் செல்கிறோம். நகம் தேய வழியில்லை. நீண்ட நகம் தரையில் முதலில் ஊன்றுவதால் பாதத்தின் மெத்தைகள் சரியாகப் பதியாமல் நாய் வழுக்குகிறது, துணியிலும் கம்பிவலையிலும் மாட்டி நகம் பிளக்கிறது. இன்னொன்றும் உண்டு. முன்னங்காலின் உட்புறம் சற்று உயரத்தில் இருக்கும் ஐந்தாம் விரல் எப்படிப்பட்ட தரையில் நடந்தாலும் பெரும்பாலும் மண்ணைத் தொடுவதில்லை. கவனிக்காமல் விட்டால் அந்த நகம் வட்டமாக வளைந்து வளர்ந்து திரும்பத் தன் சதைக்குள்ளேயே குத்தி இறங்குகிறது. நீண்ட முடியுள்ள நாய்களில் இது வெளியே தெரியாது. நொண்டத் தொடங்கிய பிறகுதான் முடியை விலக்கிப் பார்ப்பார்கள். ஆக, நாயை நாம் தரைமாற்றிக் கொண்டுவந்துவிட்டோம். தேய்மானத்தை ஈடுகட்டும் வேலையும் நம்முடையதாகிவிட்டது. அதில் கருவியைத் தேர்வதற்கு உதவும் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது: நகத்தை நீள விட்டால் உள்சதையும் கூடவே நீள்கிறது, அடிக்கடி நுனியைக் குறைத்துக்கொண்டே வந்தால் அது மெல்லப் பின்வாங்குகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரிதாக வெட்டுவதைவிட வாரம் ஒருமுறை சிறிதாகக் குறைப்பதே உடலின் போக்குக்கு ஒத்தது. சிறிய அடியாக எடுத்துவைக்க விடும் கருவிக்கு இதுவே முதல் சாட்சி.

வெட்டும் கருவிகளை எடுத்துக்கொள்வோம். குறடு வகையில் வளைந்த இரண்டு அலகுகள் நகத்தை இருபுறமும் பற்றி ஒன்றையொன்று கடக்கின்றன. வளைய வகையில் நகத்தை ஓட்டைக்குள் நுழைத்துக் கைப்பிடியை அழுத்த, ஒரு கத்தி நகர்ந்து வந்து நறுக்குகிறது. இரண்டிலும் நடப்பது ஒன்றே. கை அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது, நகம் எதிர்த்து நிற்கிறது, ஒரு கட்டத்தில் சட்டென்று துண்டாகிறது. அந்த ஒரு கணத்துக்குள் எதையும் நிறுத்த முடியாது. நாய் அதே கணத்தில் காலை இழுத்தால் வெட்டு இடம் மாறிவிடும். அதனால் வெட்டும் கருவியோடு பிடித்து அமுக்குவதும் கூடவே வந்துவிடுகிறது. ஒருவர் பிடிக்க ஒருவர் வெட்டும் வழக்கம் இங்கிருந்துதான் உருவாகிறது. கூர் மழுங்கிய கத்தி இன்னும் மோசம். அது வெட்டுவதற்கு முன் நகத்தை நசுக்குகிறது. உறைக்குள் இருக்கும் உயிருள்ள சதை அந்த அழுத்தத்தை உணர்கிறது. சரியான இடத்தில்தானே வெட்டினேன், ஏன் துடிக்கிறது என்று வியப்பவர்கள் கத்தியின் விளிம்பைப் பார்க்க வேண்டும். இந்த வகையில் கத்தியை மட்டும் மாற்றிக்கொள்ள முடிவது வளையக் கருவியின் நல்ல குணம். ஆனால் பெரிய நாயின் தடித்த நகத்துக்கு அது திணறுகிறது, வட்டமாக வளைந்துவிட்ட ஐந்தாம் விரல் நகத்தை அதன் ஓட்டைக்குள் நுழைக்கவும் முடிவதில்லை. பல குறடுகளில் ‘இதற்குமேல் வெட்டாது’ என்று ஒரு தடுப்புத் தகடு வைத்திருக்கிறார்கள். அதை நான் நம்பச் சொல்ல மாட்டேன். உள்சதையின் நீளம் நாய்க்கு நாய், விரலுக்கு விரல் மாறுகிறது, தகடோ ஒரே இடத்தில் நிற்கிறது. பார்த்து வெட்டவேண்டிய கண்ணை அது வேலையிலிருந்து விடுவித்துவிடுகிறது. மனிதர் நகவெட்டி குட்டிகளின் மெல்லிய நகத்துக்குப் போதும். வளர்ந்த நாயின் உருண்டை நகத்தை அது தட்டையாக அமுக்கிப் பிளந்துவிடும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் என் தேர்வு சிறிய அலகுள்ள, கூர்மையான குறடு. பெரிய நாய்க்குக்கூட வேலைக்குப் போதுமான அளவில் ஆகச் சிறியதையே எடுக்கலாம். சிறிய அலகால் ஒரேயடியாகப் பெரிய துண்டு எடுக்க முடியாது, அந்த இயலாமை பயனுள்ளது.

சுழலும் கருவியின் கதை வேறு. ஆல்பர்ட் டிரெமல் 1932இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ரசீன் நகரில் தொடங்கிய நிறுவனத்தின் கையடக்க மோட்டார் கருவி, மரம் செதுக்கவும் உலோகத்தை மெருகேற்றவும் வீட்டுப் பட்டறைகளில் பயன்பட்டது. நாய் வளர்ப்பவர்கள் அதன் முனையில் உப்புத்தாள் உருளையை மாட்டி நகத்தை ராவத் தொடங்கினார்கள். பின்னர் அந்த நிறுவனமே செல்லப்பிராணிகளுக்கென்று தனி மாதிரி வெளியிட்டது. இன்று பல நாடுகளின் தயாரிப்புகள் நம் ஊருக்கு வருகின்றன. என் அளவுகோலின் முதல் பாதியில் இது நன்றாகத் தேறுகிறது. ஒரு தொடுதலில் போவது மிகச் சிறிய அளவு; கறுப்பு நகத்திலும் நடுவட்டம் தெரியும்வரை பொறுமையாகப் போகலாம், நாய் காலை இழுத்தால் பெரிய சேதமில்லை. விளிம்பும் உருண்டையாக முடிவதால் சோபாவும் மனிதத் தோலும் பிழைக்கின்றன. ஆனால் அதன் தொல்லைகள் மனிதக் கண்ணுக்கும் காதுக்கும் எளிதில் படாதவை. ஒரே இடத்தில் வைத்து அழுத்தினால் உராய்வில் சூடேறுகிறது. ஓரிரு நொடி தொட்டு எடுக்க வேண்டும், வேகத்தைக் குறைவாக வைக்க வேண்டும். நீண்ட முடி சுழலும் முனையில் சிக்கும். பழைய நைலான் காலுறையைப் பாதத்தில் மாட்டி நகங்களை மட்டும் அதன் வழியே துளைத்து வெளியே எடுப்பது அதற்கு எளிய வழி. நகத்தூள் காற்றில் மிதக்கிறது. மனிதப் பாத மருத்துவர்களிடையே நகத்தூளால் வரும் மூச்சுக் கோளாறுகள் தொழில்நோயாகவே ஆராயப்பட்டிருக்கின்றன, ஆகவே முகக்கவசமும் திறந்த சன்னலும் தேவை. எல்லாவற்றுக்கும் மேலே சத்தம். 1983இல் ஹெஃப்னர் என்ற ஆய்வாளர் சிவாவாவிலிருந்து செயிண்ட் பெர்னார்ட்வரை பல உடலளவுள்ள நாய்களின் கேட்கும் எல்லையை அளந்து, உருவம் எதுவானாலும் மேல் எல்லை ஏறத்தாழ 45 கிலோஹெர்ட்ஸை ஒட்டியே இருப்பதைக் காட்டினார். நமக்கு அது 20 கிலோஹெர்ட்ஸில் முடிந்துவிடுகிறது. ‘சத்தமில்லாதது’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது நம் காதுக்கான வாக்குறுதி. மோட்டார் எழுப்பும் உயர் அதிர்வெண் ஒலியில் எவ்வளவு நாய்க்குக் கேட்கிறது என்பதை வாங்குகிறவர் தன் காதை வைத்துச் சோதித்துவிட முடியாது. நாயின் காதையும் உடலையும் பார்த்துத்தான் அறியமுடியும்.

கடையில் அதிகம் விற்காத அந்தப் பொருள், உப்புத்தாள் ஒட்டிய ஒரு பலகை. 80 எண் உப்புத்தாளை அகலமான பலகையில் ஒட்டி, சாய்த்துப் பிடித்து, நாயையே அதில் பிறாண்ட விடுவது. பலகைக்கு அடியில் தின்பண்டத்தை மறைத்து வைத்தால் நாய் அதை எடுக்கப் பிறாண்டும். பிறாண்டியதும் தின்னக் கிடைக்கும். சில நாளில் பலகையைக் கண்டதும் தானே வந்து பிறாண்டத் தொடங்கும். எட்வர்ட் தார்ண்டைக் 1898இல் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்துப் பார்த்து எழுதிய காலத்திலிருந்து அறியப்பட்டதுதான் இது: நல்ல விளைவைத் தந்த செயல் திரும்பச் செய்யப்படும். இந்தப் பலகையில் அழுத்தம், வேகம், நேரம் மூன்றும் நாயின் கையில் இருக்கின்றன. வலித்தால் அந்தக் கணமே அதனால் நிறுத்திக்கொள்ள முடியும். மனிதன் பிடிக்கவோ அமுக்கவோ வேண்டியதில்லை. இத்தனை நல்லது இருந்தும் இது பரவலாகப் பேசப்படாமல் போனதற்குக் காரணம், இதை விற்று யாரும் பெரிதாகச் சம்பாதிக்க முடியாது என்பதாகவே எனக்குப் படுகிறது. ஹார்டுவேர் கடையில் ஒரு தாளும் தச்சுப்பட்டறையில் மிஞ்சிய ஒரு பலகைத் துண்டும் போதும். குறைகளையும் சொல்லிவிட வேண்டும். முன்னங்கால்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். பின்னங்கால்களால் பிறாண்டக் கற்றுக்கொடுப்பது கடினம், எல்லா நாய்க்கும் கைவராது. நடு விரல்கள் அதிகம் தேயும், ஓர விரல்கள் குறைவாகத் தேயும். ஐந்தாம் விரலை இது தொடவே தொடாது. உற்சாகம் மிகுந்த நாய் தின்பண்டத்துக்காக அளவுமீறித் தேய்த்துக்கொள்ளும், பாதத்தின் மெத்தைத் தோலும் உராயலாம். ஆகவே சில பிறாண்டல்களுக்கு ஒருமுறை பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பலகை மட்டுமே போதும் என்று யாராவது சொன்னால் அது தவறு. ஆனால் முன்னங்கால்களின் எட்டு நகங்களின் வேலையை நாயே முடித்துவிட்டால், மனிதக் கையும் குறடும் தலையிடவேண்டிய இடம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. அஞ்சவேண்டிய நேரமும் அந்த அளவுக்குக் குறைகிறது.

எங்கள் நாய் அமைதியாகத்தானே கால் கொடுக்கிறது, அதற்கு எதற்கு இத்தனை யோசனை என்று கேட்கலாம். இந்த ‘அமைதி’யைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜெர்மானிய ஆய்வாளர் டோரிங்கும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கால்நடை மருத்துவமனைக்கு வந்த 135 நாய்களில் 106 நாய்கள், அதாவது 78.5 சதவீதம், பரிசோதனை மேசைமேல் அச்சத்தின் அறிகுறிகளைக் காட்டின. மேசைமேல் எல்லா நாயும் கடிப்பதில்லை, உறுமுவதில்லை. பல நாய்கள் உறைந்து நிற்கின்றன. உறைவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய பிழை என்பதைக் காட்டிய பரிசோதனையும் நாய்களின் மேலேயே நடந்தது. 1960களில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர், புரூஸ் ஓவர்மயர் ஆகியோர் நாய்களைக் கட்டிவைத்து, தப்பவே முடியாத மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு, ஒரு தடுப்பைத் தாண்டிக் குதித்தால் அதிர்ச்சி நின்றுவிடும் பெட்டியில் விட்டார்கள். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குதிக்க முயலவே இல்லை, படுத்துத் தாங்கிக்கொண்டன. இன்று படிக்கும்போதும் நெஞ்சைப் பிசையும் கொடுமை அது. அந்த நாய்களிடமிருந்து கற்றதை அவற்றின் இனத்துக்குப் பயன்படுத்தாமல் விடுவது இரண்டாவது கொடுமை. அரை நூற்றாண்டு கழித்து, 2016இல், மையரும் செலிக்மனும் மூளை ஆய்வுகளின் துணையோடு தங்கள் விளக்கத்தைத் திருத்திக்கொண்டார்கள். நீண்ட துன்பத்தில் உடல் ஒடுங்கிவிடுவது கற்றுக்கொண்டது கிடையாது, அது இயல்பாகவே வருவது. ‘என் செயலால் இதை நிறுத்த முடியும்’ என்பதுதான் கற்றுக்கொள்ளப்படுவது என்றார்கள். என் வாதத்துக்கு இதைவிட நெருக்கமான சான்று கிடையாது. காலை இழுத்தால் கருவி விலகும் என்று ஒரு நாய் பலமுறை அறிந்திருந்தால், அது கால் கொடுப்பதற்கு ஒரு பொருள் இருக்கிறது. இழுத்தும் பயனில்லை என்று அறிந்த நாய் கால் கொடுப்பதற்கு வேறு பொருள். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எளிய சோதனைகள் உண்டு. பிடியை முழுதாக விட்டுவிட்டால் நாய் அங்கேயே இருக்கிறதா, எழுந்து போய்விடுகிறதா? மிகவும் பிடித்த உணவை அந்த நேரத்தில் நீட்டினால் வாங்கித் தின்கிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா? தூக்கம் வராமலே கொட்டாவி விடுகிறதா, உதட்டை நக்குகிறதா, கண்ணின் வெள்ளை ஓரம் தெரியப் பார்க்கிறதா? ‘பழகிடுச்சு’ என்று சொல்வதற்கு முன் இவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

மிருகத்துக்கு நிறுத்தும் உரிமை கொடுத்தால் வேலை நடக்காது என்பது பலரின் அச்சம். நடக்கும் என்பதற்கு நாயைவிடப் பல மடங்கு கடினமான பிராணிகள் சான்றாக இருக்கின்றன. 1960களில் ஹவாயின் சீ லைஃப் பார்க்கில் டால்ஃபின்களைப் பயிற்றுவித்த கேரன் பிரையர், கயிறு கட்டவோ அதட்டவோ முடியாத, பிடிக்காவிட்டால் நீந்திப் போய்விடுகிற ஓர் உயிரோடு வேலை செய்தே தன் முறையைச் செம்மைப்படுத்தினார்; அதையே பின்னர் நாய்களுக்கும் கொண்டுவந்தார். யானையின் பாதம் இன்னும் பொருத்தமான எடுத்துக்காட்டு. கடினமான தளத்தில் நிற்கும் வளர்ப்பு யானைகளுக்குப் பாத நோய் உயிரையே வாங்கும். நம் கோயில் யானைகளைப் பற்றிக் கால்நடை மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கவலைப்படுவதும் இதற்காகத்தான். 1990களில் அமெரிக்க உயிரியல் பூங்காக்களில் பரவிய முறையில், பாகர் கம்பித் தடுப்பின் ஒரு பக்கம் நிற்கிறார், யானை மறுபக்கம் நிற்கிறது. யானை தன் காலைத் தடுப்பில் உள்ள திறப்பின் வழியே தானே தூக்கி வைக்கிறது, நகத்தையும் பாதத்தையும் அரத்தால் ராவுகிறார்கள், பழம் கிடைக்கிறது. வேண்டாம் என்றால் யானை காலை எடுத்துக்கொண்டு போய்விடலாம், தண்டனை கிடையாது. போய்விடலாம் என்பதாலேயே அது நிற்கிறது. நாய்களுக்கு இதே எண்ணத்தைப் பிரிட்டனைச் சேர்ந்த பயிற்சியாளர் சிராக் படேல் ஒரு விளையாட்டாக எளிமைப்படுத்தினார். தின்பண்டம் உள்ள சிறு வாளியை நாய் பார்த்துக்கொண்டிருக்கும்வரை பராமரிப்பு நடக்கும், பார்வையை விலக்கினால் மனிதன் கையை எடுத்துவிடுவான். இந்த ஒப்பந்தத்துக்குள் எந்தக் கருவி பொருந்தும் என்று யோசித்தால் தேர்வு தானாகத் தெளிவாகிறது. சுழலும் கருவியையும் கை அரத்தையும் எந்த நொடியிலும் விலக்கலாம். குறடை, அழுத்தத் தொடங்குவதற்கு முன்வரை விலக்கலாம். இரண்டு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்தால்தான் வேலை செய்யும் எந்தக் கருவியும் இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே போய்விடுகிறது.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது குழந்தையை முன்வைப்பது. தடுப்பூசி போடும்போது குழந்தையிடம் சம்மதமா கேட்கிறோம், அழ அழப் பிடித்துத்தானே போடுகிறோம் என்பார்கள். உண்மைதான். தடுப்பூசி ஒரு சில முறை நடக்கும் காரியம், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து, விரைவில் அந்தக் குழந்தைக்குச் சொல்லிப் புரியவைத்துவிடவும் முடியும். நகம் வெட்டுவதில் இந்த மூன்றும் பொருந்துவதில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆயுளில் அது நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது, இன்று இரண்டு நகம் விட்டுப்போனால் குடி முழுகிவிடாது, ஏன் என்று நாய்க்கு ஒருநாளும் விளக்க முடியாது. விளக்க முடியாத இடத்தில் நம்பிக்கை ஒன்றுதான் பேச்சாக நிற்கிறது. அடுத்த மறுப்பு நேரம் பற்றியது. வேலைக்குப் போகிற, குழந்தைகளைக் கவனிக்கிற மனிதருக்கு நாயோடு விளையாட்டு ஒப்பந்தம் செய்துகொண்டிருக்க நேரம் ஏது? இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அமுக்கிப் பிடிப்பது நேரத்தை மிச்சம் செய்வதாகத் தோன்றுவது முதல் சில முறைக்கு மட்டும்தான். ஒவ்வொரு முறையும் நாயின் எதிர்ப்பு கூடுகிறது, பிடிக்கும் ஆட்களின் எண்ணிக்கையும் கூடுகிறது, கடைசியில் வீட்டில் யாராலும் முடியாமல் போகிறது. இதில் மனிதருக்கும் ஆபத்து இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வெறிநோய் வழிகாட்டுதல்படி, வெறிநோய்க்கு ஐயமுள்ள விலங்கின் நகக்கீறல், ரத்தம் வராவிட்டாலும் இரண்டாம் வகைப் பாதிப்பு, தடுப்பூசி வேண்டும். தோலைக் கிழித்துச் சென்றால் மூன்றாம் வகை, நோயெதிர்ப்புப் புரதமும் சேர்த்துப் போட வேண்டும். தடுப்பூசி போட்ட வீட்டு நாயானாலும் திமிறிக் கடித்துவிட்டால் அதன்பின் வரும் கவலையும் அலைச்சலும் சின்ன விஷயமில்லை. ஒரு நாளைக்கு ஒரு நகம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நிமிடம்கூட ஆகாது, மூன்று வாரத்துக்குள் எல்லா விரலும் ஒரு சுற்று வந்துவிடும். குளிப்பாட்டி முடிவெட்டும் நிலையங்களில் வேலை செய்பவர்களிடம் இதை எதிர்பார்ப்பது கடினம் என்பதும் தெரியும். நாள் முழுக்க வரிசையாக நாய்கள் வரும்போது, கழுத்தில் கண்ணியிட்டு மேசையில் நிறுத்தி ஒரே மூச்சில் பதினெட்டு நகத்தையும் முடித்தால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். குற்றம் அவர்கள் மேல் இல்லை. நகத்தை மட்டும் வீட்டுக் காரியமாக வைத்துக்கொள்வதே அவர்களுக்கும் நாய்க்கும் செய்யும் உதவி.

வயதோடு விடை மாறுகிறது என்பதையும் கருவி வாங்குகிறவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும். முதிய நாய் குறைவாக நடப்பதால் நகம் குறைவாகத் தேய்கிறது, நகமும் தடித்து உதிரும் தன்மையடைகிறது. குறடு அதைப் பிளக்கக்கூடும். மூட்டு வாதம் வந்த காலைத் தூக்கி மடக்கிப் பிடிப்பதே வலி; அந்த வலியை நாய் நகவெட்டியின் கணக்கில் எழுதிவிடுகிறது. பலகையில் பிறாண்டும் வலுவும் அதற்கு இருக்காது. அப்போது கை அரமும் மெதுவாகச் சுழலும் கருவியும்தான் பயன்படும், அதுவும் நாய் பக்கவாட்டில் படுத்திருக்கும்போது, காலை இருக்கும் இடத்திலிருந்து நகர்த்தாமல். காது மந்தமான கிழட்டு நாய்க்கு மோட்டார் சத்தம் தொந்தரவாக இல்லாமலும் போகலாம். ஆனால் அதிர்வு எலும்புவரை போகும், அந்த அதிர்வுக்கு நாயை அந்த வயதில் புதிதாகப் பழக்குவது எளிதில்லை. இளமையிலேயே இரண்டு மூன்று கருவிகளின் தொடுகையையும் ஒலியையும் அறிமுகப்படுத்தி வைப்பது இதற்காகத்தான். குட்டி பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரம்வரை புதியதை அச்சமின்றி ஏற்கும் பருவம் என்பது நாய்களின் நடத்தையைப் படித்தவர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது. அந்தக் காலத்தில் வெட்டவே வேண்டாம், கருவியை அருகில் ஓடவிட்டு, பாதத்தைத் தொட்டு, தின்னக் கொடுத்தால் போதும்.

மேலே சொன்னதெல்லாம் செல்லாத ஒரு நிலைமை உண்டு. ஐந்தாம் விரல் நகம் சதைக்குள் குத்தி இறங்கிச் சீழ்பிடித்திருக்கிறது, அல்லது நகம் வேரோடு பிளந்து தொங்குகிறது, நாய் யாரையும் கிட்டே விடவில்லை. அங்கே வாளி விளையாட்டுக்கு நேரமில்லை. நான்கு பேர் சேர்ந்து அமுக்குவதும் அங்கே விடையாகாது. கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, நாய் அறியாமலே அதைச் சரிசெய்துவிட வேண்டும். நகம் வெட்ட மயக்க மருந்தா என்று தயங்குகிறவர்கள் உண்டு. மருந்துக்கு அதற்குரிய ஆபத்து இருக்கிறது, வயதையும் இதயத்தையும் பார்த்து மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் நீடிக்கப்போகும் ஒரு பீதியையும் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும். அதே மயக்கத்தில் மற்ற நகங்களையும் குறைத்துவிடச் சொல்லிக் கேட்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு சில வாரங்களுக்கு வெட்டியே ஆகவேண்டிய அவசரம் இருக்காது. புதுக் கருவி ஒன்றைத் தரையில் வைத்து, ஓடவிடாமல், அதை முகர்ந்து பார்க்க வரும் நாய்க்கு ஒரு துண்டு கோழிக்கறி கொடுத்துப் பயிற்சியை முதலிலிருந்து தொடங்குவதற்கு அந்த வாரங்களைவிட நல்ல நேரம் அமைவதில்லை.